டீசல் காரா, பெட்ரோல் காரா? – ஒரு கோயமுத்தூர்க் கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து மருமகன் வந்திருந்தார். சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்ததும் மெதுவாக ஆரம்பித்தார்.

"மாமா, டீசலுக்கு இனிமே காலமில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. நம்ம வண்டிய வித்துப்போட்டு பெட்ரோல் வண்டி வாங்கிடலாமுங்களா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. இதே கேள்வியை 2012-இல் என் மச்சினன் கேட்டபோது அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிட்டு, இன்று வரை மனசில் உறுத்தலோடு இருக்கிறேன். முப்பத்தைந்து வருஷம் பஞ்சாலையில் கணக்கு எழுதியவன் நான். அப்படிப்பட்டவனே இந்தக் கணக்கில் தப்பு பண்ணினேன். அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் நம்ம ஊர் வண்டிகள் எதைக் குடித்து ஓடின என்பதைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

ஜி.டி. நாயுடு 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்ட ஆரம்பித்தார் என்பது நம்மவர்களுக்குத் தெரிந்த கதை. அந்தக் காலத்து பஸ்ஸெல்லாம் பெட்ரோல் வண்டிதான். இரண்டாம் உலகப் போர் வந்ததும் பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. பஸ்ஸுக்குப் பின்னால் பீப்பாய் மாதிரி ஒரு அடுப்பைக் கட்டி, அதில் அடுப்புக்கரி போட்டு, அந்தப் புகை வாயுவிலேயே என்ஜினை ஓட்டினார்கள். கரி பஸ் என்று பெயர். கிளம்புவதற்கு முன் கண்டக்டர் நின்று துருத்தி சுற்ற வேண்டுமாம். மேடு வந்தால் ஆண்பிள்ளைகள் எல்லாம் இறங்கித் தள்ள வேண்டுமாம். என் அப்பா தள்ளியிருக்கிறார். "டிக்கெட்டும் வாங்கி, தள்ளவும் தள்ளினோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

டீசல் நம்ம பக்கம் காருக்கு முன்பே கிணற்று மேட்டுக்கு வந்துவிட்டது. பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்து கோவைக்கு மில்லும் மோட்டாரும் கொடுத்தது உண்மை. ஆனால் கம்பி போய்ச் சேராத தோட்டங்களில் ஆயில் என்ஜின்தான் தண்ணீர் இறைத்தது. விடியற்காலையில் "டுப்... டுப்... டுப்" என்று கேட்கும் அந்தச் சத்தத்தில் கண் விழித்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். 1950-களின் நடுவில் டாடாவின் மெர்சிடிஸ் பென்ஸ் லாரியும், சென்னை எண்ணூரில் லேலண்டும் வந்தபின் லாரியும் பஸ்ஸும் டீசலுக்கு மாறின. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரித் தொழிலில் பேர் வாங்கின. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போட இந்தியா முழுக்கப் போயின. கொங்கு நாட்டின் பாதிப் பிழைப்பு டீசலை நம்பித்தான் நடந்தது.

டீசல் என்ஜினில் அப்படி என்ன விசேஷம்? ஜெர்மனிக்காரர் ருடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அதை ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் என்ஜினில் பிளக்கின் பொறி பற்ற வைக்கும். டீசலில் பிளக் கிடையாது. காற்றை மட்டும் நன்றாக அழுத்தினால் அது கொதிக்கிற சூட்டுக்கு வந்துவிடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். இவ்வளவு அழுத்துவதால் எரிபொருளிலிருந்து வேலை அதிகம் கிடைக்கிறது. போதாததற்கு, ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஒரு லிட்டர் டீசலில் பத்து சதவீதத்துக்கு மேல் சக்தி கூடுதல். இரண்டும் சேர்ந்துதான் மைலேஜ். ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்க என்ஜின் கனமாக இருக்க வேண்டும். பம்பும் நாசிலும் துல்லியமாக இருக்க வேண்டும். அதனால் விலையும் கூடுதல், ரிப்பேர் செலவும் கூடுதல். இந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

உலகத்தில் மெர்சிடிஸ் 1936-இலேயே டீசல் கார் விற்க ஆரம்பித்துவிட்டது. நமக்கு அது வந்து சேர 1980 வாக்கில் அம்பாசடர் டீசல் வர வேண்டியிருந்தது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபின் பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போய், டாக்ஸிக்காரர்கள் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. 1489 சிசி, 37 குதிரைசக்தி. அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்த என்ஜின் பாவம்தான். காலையில் ஹீட்டர் போட்டுக் காத்திருந்து ஸ்டார்ட் பண்ண வேண்டும். பண்ணினால் தெருவே எழுந்துவிடும். குன்னூர் மலை ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் முதல் கியர். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ஸ்டாண்டில் இருந்த டிரைவர் அண்ணன் ஒருவரிடம், "இவ்வளவு சத்தம் போடுதேங்க?" என்று கேட்டேன். "பையில சில்லறை இருந்தாலும் சத்தம் போடத்தானுங்க செய்யும்" என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். அப்போது டீசல் விலை பெட்ரோலில் பாதியைச் சுற்றியே இருந்தது. ஆறே வருஷத்தில் அவர் இரண்டாவது வண்டி எடுத்தார்.

பெட்ரோல் அம்பாசடர் வைத்திருந்தவர்களில் சிலர் மெட்டடார் வேனின் டீசல் என்ஜினை வாங்கி மாற்றிக்கொண்டார்கள். உக்கடத்தில் பழைய என்ஜின் பார்த்து, தெரிந்த பட்டறையில் வைத்து மாட்டுவது அன்றைக்கு ஒரு தனித் தொழிலாகவே இருந்தது. நம்ம ஊர்க்காரர்களுக்கு லேத்தும் வெல்டிங்கும் கைவந்த கலை அல்லவா!

டீசல் மட்டும் ஏன் மலிவு? இதுதான் கதையின் நடு முடிச்சு. எண்ணெய்க் கிணற்றிலோ சுத்திகரிப்பு ஆலையிலோ அதற்குக் காரணம் இல்லை. விலையை டெல்லியில் உட்கார்ந்து நிர்ணயித்தார்கள். டீசல் என்றால் பஸ், லாரி, டிராக்டர், பம்ப் செட் – ஏழைக்கும் விவசாயிக்கும் உரியது. பெட்ரோல் என்றால் கார் வைத்திருக்கும் பணக்காரருக்கு. அதனால் வரியைப் பெட்ரோலின் தலையில் வைத்தார்கள். 1991 ஜூலை பட்ஜெட்டில் மன்மோகன் சிங் பெட்ரோல் விலையை 20 சதவீதம் ஏற்றினார், டீசலைத் தொடவில்லை. எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் நடந்தது என்ன? விசைத்தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் டி.வி.எஸ். 50-இல் போனவர் பெட்ரோலுக்குப் பணக்கார வரி கட்டினார். பெரிய டீசல் வண்டியில் போன முதலாளி விவசாயிக்கு வைத்த விலையில் டீசல் அடித்தார். இந்த விசித்திரத்தை நாம் முப்பது வருஷம் கண்ணெதிரே பார்த்தோம்.

1998 டிசம்பர் கடைசியில் டாடா இண்டிகா வந்தது. சாதாரணக் குடும்பமும் டீசல் கார் வாங்கலாம் என்று ஆனது அதற்குப் பிறகுதான். கோவையில் மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிய நேரம் அது. கணக்கு முடித்து வாங்கிய பணத்தை முன்பணமாகக் கட்டி இண்டிகா எடுத்து கால் டாக்ஸி ஓட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். இருவருமே பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்க வைத்துவிட்டார்கள். 2007-இல் ஸ்விஃப்ட் டீசலும் வந்தபின், டீசல் கார் என்றால் டாக்ஸி என்ற நினைப்பே போய்விட்டது.

2010 ஜூனில் அரசு பெட்ரோல் விலையை மட்டும் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. டீசல் கட்டுப்பாட்டிலேயே இருந்தது. 2012 மே மாதம் பெட்ரோல் ஒரே நாளில் ஏழு ரூபாய்க்கு மேல் ஏறியது. டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். வித்தியாசம் 32 ரூபாய்! நாட்டில் விற்ற கார்களில் பாதிக்கும் மேல் டீசலாக மாறியது அந்தச் சமயத்தில்தான்.

அந்த மாதம்தான் மச்சினன் வந்தான். வீடு சிங்காநல்லூர், வேலை பீளமேடு. "மச்சான், எதை வாங்கட்டும்?" என்றான். நான் பேப்பரை எடுத்தேன். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால், கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 87 காசு. டீசல் 20 கொடுத்தால் 2 ரூபாய் 5 காசு. மிச்சம் 2 ரூபாய் 82 காசு. டீசல் காருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒரு லட்சம், 35,500 கிலோமீட்டரில் திரும்பி வந்துவிடும். "மூணே வருஷம்டா, கண்ணை மூடிக்கிட்டு டீசலை எடு" என்றேன்.

மூன்று வருஷம் என்று நான் சொன்னது மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுவதாக நினைத்து. அவன் ஓட்டியது மாதம் 350. வருஷத்துக்கு 4,200 கிலோமீட்டர். மிச்சம் சுமார் 11,800 ரூபாய். கூடுதலாக வாங்கிய அந்த ஒரு லட்சம் கடனுக்கு 11 சதவீத வட்டியே வருஷத்துக்கு 11,000. சர்வீஸுக்கு ஆகும் கூடுதல் செலவு தனி. ஆக, முதல் வருஷமே மிச்சம் பூஜ்யம். நீ மாதம் எவ்வளவு ஓட்டுவாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், நான் கேட்கவில்லை.

அதற்குப் பின் நடந்தது உங்களுக்கே தெரியும். 2013 ஜனவரியிலிருந்து டீசல் மாதம் சுமார் 50 காசு வீதம் ஏறியது. 2014 அக்டோபரில் டீசலும் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது. அப்போது உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. ஆனால் 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையில் மத்திய அரசு ஒன்பது முறை கலால் வரியை ஏற்றியது. பெட்ரோலுக்கு 11 ரூபாய் 77 காசு, டீசலுக்கு 13 ரூபாய் 47 காசு. ஏழையின் எரிபொருளுக்கு இப்போது ஏற்றம் அதிகம்! 2020 ஜூனில் டெல்லியில் டீசல் விலை பெட்ரோலையே தாண்டிவிட்டது. அதே வருஷம் ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததும் மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்திக்கொண்டது.

மச்சினன் வண்டிக்கு இன்ஜெக்டர் போய் ஒரு பெரிய தொகை செலவானது. கடைசியில் 2021-இல் வந்த விலைக்கு விற்றான். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் அந்த பேப்பர் கணக்குப் போட்ட அதே 2012 ஜூனில்தான், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக அறிவித்தது. சிக்னலில் பஸ்ஸுக்குப் பின்னால் டி.வி.எஸ். 50-இல் நின்றவர் சுவாசித்தது எந்த நோட்டிலும் ஏறாத செலவு.

இன்றைக்குக் கணக்கு எப்படி? பெட்ரோல் லிட்டர் 101, டீசல் 93 என்று வைத்துக்கொள்வோம். அதே மைலேஜுக்குக் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 73 காசும் 4 ரூபாய் 65 காசும். மிச்சம் 2 ரூபாய் 8 காசு. டீசல் கார் ஒன்றரை லட்சம் கூடுதல் என்றால், 72,000 கிலோமீட்டர் ஓடினால்தான் கை சேரும். பெட்ரோலில் இப்போது எத்தனால் கலப்பதால் மைலேஜ் கொஞ்சம் குறையும். அதைச் சேர்த்தாலும் பெரிய மாற்றமில்லை.

என்னைப்போல ஓய்வு பெற்றவர்கள், ஆஸ்பத்திரி, மருதமலை, கல்யாண வீடு என்று மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டுபவர்கள் பாருங்கள். வருஷம் 3,600 கிலோமீட்டர். டீசலால் மிச்சம் சுமார் 7,500 ரூபாய். அந்த ஒன்றரை லட்சத்தை பாங்க்கில் 7 சதவீத வட்டிக்குப் போட்டாலே 10,500 வருகிறது. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. புது டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் அவ்வப்போது நல்ல வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டினால்தான் அந்தக் கரி எரிந்து வடிகட்டி சுத்தமாகும். மார்க்கெட்டுக்கும் வீட்டுக்குமே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். நமக்கு அது சரிப்படாது.

இவ்வளவையும் மனசில் ஓட்டிவிட்டுத்தான் மருமகனிடம் திரும்பினேன்.

"மாப்பிள்ளை, மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டறீங்க?"

"தினமும் திருப்பூர்ல இருந்து கோயமுத்தூர் வந்துட்டுப் போறனுங்க மாமா. நூறு கிலோமீட்டர். மாசம் இரண்டாயிரத்தைந்நூறு ஆகுமுங்க."

"வண்டிக் கடன்?"

"அது முடிஞ்சு இரண்டு வருஷம் ஆச்சுங்க."

மாதம் ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம், கூடுதல் விலை எப்போதோ கட்டி முடித்தாகிவிட்டது, ஓட்டுவதோ நெடுஞ்சாலையில். "விக்காதீங்க. ஓடற வரைக்கும் ஓட்டுங்க. புகைச் சோதனைய மட்டும் தவறாம பாருங்க" என்றேன்.

அவர் போனபின் மச்சினனுக்குப் போன் செய்து இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தான். "அந்தக் கேள்வியை என்கிட்டக் கேக்கறதுக்கு உங்களுக்குப் பதிமூணு வருஷம் ஆச்சுங்களா மச்சான்?" என்றான்.

அவன் கேட்டது சரிதான். என்னிடம் பதில் இல்லை.