ஐந்தாண்டு பூட்டிக் கிடந்த பள்ளிகள்: பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியின் வரலாறு

கல்வி உரிமை பற்றி நம் மேடைகளில் நாம் நிரம்பப் பேசியிருக்கிறோம். அக்கல்விக்கான பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குச் செல்கிறது, இடையில் அதனை நிறுத்திவைக்கும் ஆற்றல் எவரிடம் இருக்கிறது என்பது பற்றி நாம் பேசியது குறைவு. வெள்ளி விழா மலரில் இவ்விரண்டாவது வினாவை எழுப்ப விரும்பியே, அமெரிக்க நாட்டின் ஒரு சிறு பள்ளி மாவட்டத்தின் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அயல்நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்வு நம் முன்னோர்க்கு அயலாக இருந்ததில்லை. மகாத்மா சோதிராவ் புலே 1873 ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்கே உரிமையாக்கினார். 1913 ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற் சேர்ந்து பயின்ற அண்ணல் அம்பேத்கர், 1946 ஆம் ஆண்டில் கறுப்பினப் பேரறிஞர் டூபாய்சுக்கு மடல் எழுதி, அம்மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தைப் பற்றி வினவினார். அவர்கள் கண்ட உறவின் தொடர்ச்சியாகவே இதனைக் கொள்க.

வர்ஜீனியா மாநிலத்தின் தென்பகுதியில், புகையிலை விளையும் நிலப்பரப்பில் அமைந்தது பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி. கவுண்டி என்பதை நம் வட்டம் போன்றதோர் ஆட்சிப் பிரிவு எனக் கொள்ளலாம். 1960 ஆம் ஆண்டில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 14,000. தலைநகர் ஃபார்ம்வில் என்னும் சிற்றூர். பள்ளிப் பிள்ளைகளிற் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர்.

இக்கவுண்டியின் பள்ளிகளை ஆண்ட முறையைச் சற்றுப் பொறுமையுடன் அறிந்துகொள்ள வேண்டும். கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் பள்ளி மாவட்டம் என்பது தனித்ததோர் உள்ளாட்சி. மக்கள் பள்ளிக் குழுவைத் தேர்ந்தெடுப்பர். அக்குழுவே சொத்துவரி விதித்துப் பள்ளியை நடத்தும். வர்ஜீனியாவிலோ அம்முறை இல்லை. அக்காலத்தில் நீதிபதி ஒரு சிறு தேர்வுக் குழுவை அமர்த்துவார். அக்குழு பள்ளிக் குழு உறுப்பினர்களை நியமிக்கும். கட்டடங்கள் பள்ளிக் குழுவின் உடைமை. ஆசிரியரை அமர்த்துவதும் அதன் பொறுப்பு. ஆயினும் ஒரு காசு வரி விதிக்கவும் அதற்கு அதிகாரம் இல்லை. ஆண்டுதோறும் செலவு மதிப்பீட்டை எழுதிக்கொண்டு, கவுண்டியின் மேற்பார்வையாளர் குழுவின் முன் அது நிற்க வேண்டும். நிலம், வீடு முதலியவற்றின் மீது வரி விதிப்பதும், அதில் இவ்வளவு பள்ளிக்கு என்று ஒதுக்குவதும் அந்த மேற்பார்வையாளர்களே. மாநில அரசும் ஒரு பங்கு தரும். உள்ளூர்ப் பங்கு இன்றேல் பள்ளி நடவாது.

அம்மேற்பார்வையாளர்கள் மக்கள் வாக்கால் வருபவர்கள். எந்த மக்கள்? 1902 ஆம் ஆண்டின் வர்ஜீனியா அரசமைப்பு வாக்குரிமைக்குத் தலைவரியை நிபந்தனையாக்கியது. ஆண்டுக்கு 1.50 டாலர் வீதம், மூன்றாண்டு வரியை முன்னதாகவே கட்டி முடித்தவரே மாநிலத் தேர்தலில் வாக்களிக்க இயலும். கூலிக்கு உழைத்த கறுப்பினக் குடும்பங்களிற் பெரும்பாலானவற்றுக்கு அது எட்டாக்கனி. மேற்பார்வையாளர் அனைவரும் வெள்ளையர். சொத்துவரியைக் கறுப்பினத்தவரும் கட்டினர். அதனைப் பங்கிடும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

விளைவு கட்டடத்திலேயே தெரிந்தது. கறுப்பின மாணவர்க்கென 1939 ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்கு ஆனது. 1951 ஆம் ஆண்டில் அங்கே 450க்கு மேற்பட்டோர் பயின்றனர். ஆய்வுக்கூடம் இல்லை; உணவுக்கூடம் இல்லை; உடற்பயிற்சிக் கூடமும் இல்லை. இடநெருக்கடிக்குத் தீர்வாகப் பள்ளிக் குழு தந்தவை, மரச்சட்டத்தின் மேல் தார்த்தாள் போர்த்த கொட்டகைகள் மூன்று. மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்பின் அருகே அமர்ந்தவர் வெந்தனர். தொலைவில் அமர்ந்தவர் மேலங்கியைக் கழற்றாமல் எழுதினர். பெற்றோர் பள்ளிக் குழுவின் கூட்டங்களுக்குச் சென்று சென்று புதிய கட்டடம் கேட்டனர். பணம் இல்லை, இடம் பார்க்கிறோம் என்னும் விடைகளே கிடைத்தன. இவ்விடைகளை நாமும் கேட்டுப் பழகியவர்கள்தாம்.

1951 ஏப்ரல் 23 அன்று, பார்பரா ஜான்ஸ் என்னும் பதினாறு வயது மாணவி அந்தக் காத்திருப்புக்கு முடிவு கட்டினார். நகரில் மாணவர் சிலர் சிக்கலில் அகப்பட்டனர் என்றொரு தொலைபேசிச் செய்தியால் தலைமையாசிரியரை வெளியே அனுப்பிவிட்டு, மாணவர் அனைவரையும் மன்றத்திற் கூட்டி, வேலைநிறுத்தத்தை அறிவித்தார். இரு வாரங்கள் வகுப்புக்கு எவரும் செல்லவில்லை. மாணவர் முதலிற் கேட்டது நல்லதொரு கட்டடமே. உதவிக்கு வந்த வழக்குரைஞர்கள் ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் ஆகியோர், கட்டடம் கேட்டு வழக்காட மாட்டோம், இனப் பிரிவினையையே எதிர்ப்பதாயின் வருவோம் என்றனர். பெற்றோர் இசைந்தனர். மே 23 அன்று 117 மாணவர் சார்பில் வழக்குத் தொடரப்பெற்றது. தலைமையாசிரியர் பாய்ட் ஜோன்ஸ் வேலையை இழந்தார். பார்பராவைப் பெற்றோர் அலபாமாவிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தனர்.

வழக்கு நடக்கும்போதே ஒரு விந்தை நிகழ்ந்தது. அத்தனை ஆண்டுகள் இல்லாதிருந்த பணம் திடீரெனப் பிறந்தது. 1953 ஆம் ஆண்டில் கறுப்பின மாணவர்க்குப் புத்தம் புதிய உயர்நிலைப் பள்ளி எழுந்து நின்றது. பிரிவினை நிலைக்க வேண்டும் என்பதற்காகச் செலவிட்ட பணம் அது. ஆயினும் வழக்கை மக்கள் திரும்பப் பெறவில்லை.

அவ்வழக்கு வேறு நான்கு வழக்குகளுடன் இணைக்கப்பெற்று, 'பிரவுன்' வழக்கு என்னும் பெயரால் 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றத்தில் வென்றது. பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டத்திற்குப் புறம்பானது என்பது தீர்ப்பு. வரலாற்று நூல்கள் பல இங்கே கொடியேற்றிக் கதையை முடித்துவிடுகின்றன. பிரின்ஸ் எட்வர்டின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

1955 மே 31 அன்று உச்ச நீதிமன்றம், தீர்ப்பை நிறைவேற்றும் முறை குறித்துத் தன் இரண்டாம் ஆணையை வழங்கியது. அதே நாளில் மேற்பார்வையாளர் குழு கூடி, சட்டம் கட்டாயப்படுத்திய குறைந்த அளவான 1,50,000 டாலரை மட்டுமே பள்ளிக்கு ஒதுக்குவதாக முடிவெடுத்தது. பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை ஒதுக்கும் வழக்கத்தை விட்டு, மாதந்தோறும் ஒதுக்கலாயினர். எந்த மாதத்தில் நீதிமன்றம் இரு இனத்தாரையும் ஒன்றாகச் சேர்க்கச் சொல்கிறதோ, அந்த மாதமே பணத்தை நிறுத்தலாமன்றோ!

1956 ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநில அரசு, கலப்புப் பள்ளிகளை மூடும் சட்டங்களை இயற்றியது. 1959 சனவரி 19 அன்று மாநில, நடுவண் நீதிமன்றங்கள் இரண்டும் அவற்றைத் தள்ளின. அதன்மேல் மாநிலம் தன் பொறுப்பை உள்ளாட்சிகளின் தலையில் இறக்கியது. கட்டாயக் கல்விச் சட்டத்தையும் நீக்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் கறுப்பின மாணவரைச் சேர்த்தாக வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் மே மாதத்தில் ஆணையிட்டது. சூன் மாதத்தில் மேற்பார்வையாளர்கள் விடையிறுத்தனர். எவரையும் சேர்க்க மாட்டோம் என்று அவர்கள் கூறவில்லை. 1959-60 ஆம் ஆண்டுக்குப் பள்ளி வரியே விதிப்பதில்லை என்று தீர்மானித்தனர், அவ்வளவே. வரி இல்லை, ஆகவே ஒதுக்கீடு இல்லை. ஒதுக்கீடு இல்லை, ஆகவே ஆசிரியர் இல்லை. கவுண்டியின் பொதுப் பள்ளிகள் அனைத்தும் பூட்டப்பெற்றன. நம் ஊர்களில் நம் பிள்ளைகளைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திப் பள்ளி நடத்தினர் என்பதை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அங்கோ, தம் பிள்ளைகள் பயின்ற பொதுப் பள்ளியையும் சேர்த்தே மூடத் துணிந்தனர்.

தம் பிள்ளைகளுக்கு அவர்கள் வழிசெய்து வைத்திருந்தனர். தனியார் அறக்கட்டளை ஒன்று நன்கொடை திரட்டி, வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும் பள்ளி நடத்தியது. அடுத்த ஆண்டு முதல், மாணவர் ஒருவருக்கு மாநிலம் 125 அல்லது 150 டாலரும் கவுண்டி 100 டாலரும் கல்விக் கட்டண உதவியாக வழங்கின. அத்தனியார் பள்ளிக்கு நன்கொடை தருவோர்க்குச் சொத்துவரியில் 25 விழுக்காடு வரை தள்ளுபடியும் கிடைத்தது. பொதுப் பள்ளிக்குச் சேர வேண்டிய பொதுப்பணம் வேறு வாய்க்கால் வழியாக அவ்வாறு பாய்ந்தது. 1961 ஆம் ஆண்டில் நீதிமன்றம் தடுக்கும் வரை இது நடந்தது. இதனிடையே பூட்டிய பள்ளிக் கட்டடம் ஒன்றை அந்த அறக்கட்டளைக்கு விற்கச் சொல்லி நெருக்கியபோது, பள்ளிக் குழு உறுப்பினருள் பலர் பதவி விலகினர் என்பதையும் பதிவு செய்தல் நேர்மையாகும்.

ஏறத்தாழ 1,700 கறுப்பினப் பிள்ளைகள் தெருவில் நின்றனர். 1959 இறுதியில் வெள்ளையர் சிலர், கறுப்பினப் பிள்ளைகளுக்கும் தனியார் பள்ளி அமைத்துத் தருவதாக முன்வந்தனர். வந்த விண்ணப்பம் ஒன்றே ஒன்று. அக்கொடையை ஏற்றால், பொதுப் பள்ளிக்கான உரிமை வழக்கு நீர்த்துப்போகும் என்று மக்கள் கருதினர். தந்தையின் வழக்குக்காகப் பிள்ளையின் ஐந்தாண்டைப் பணயம் வைத்தல் தகுமா? இவ்வினா நம்மையும் உறுத்துகிறது. அவர்கள் அன்று மறுத்தது பிழை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவ்விலையைக் கொடுத்தவர்கள் அவர்களின் பிள்ளைகள் என்பதை மறக்கவும் இயலவில்லை.

அருட்திரு பிரான்சிஸ் கிரிஃபின் தலைமையில் கோயில்களின் கீழ்த்தளங்களில் பயிற்சி நிலையங்கள் நடந்தன. மூத்த மாணவர் சிலரை வட கரோலினாவின் கிட்ரெல் கல்லூரி ஏற்றது. குவேக்கர் அன்பர்களின் அமைப்பு வேறு சிலரை வெளிமாநிலக் குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கச் செய்தது. உறவினர் இருந்தோர் பக்கத்துக் கவுண்டிகளுக்குக் குடிபெயர்ந்தனர். எவ்வழியும் இல்லாதோர் புகையிலை வயலுக்குச் சென்றனர். 1963 செப்டம்பரில், கென்னடி அரசின் ஊக்கத்தால், நன்கொடைப் பணத்தில் இலவசப் பள்ளிகள் திறக்கப்பெற்றன. பத்து வயதாகியும் எழுத்தறியாப் பிள்ளைகளை அங்கே ஆசிரியர்கள் கண்டனர்.

1964 மே 25 அன்று உச்ச நீதிமன்றம் கிரிஃபின் வழக்கில் தீர்ப்பளித்தது. நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய அத்தீர்ப்பின் கூர்மையான பகுதியை நம் சட்ட மாணவர் தேடிப் படிக்க வேண்டும். மற்றக் கவுண்டிகளிற் பொதுப் பள்ளி நடக்க, இங்கு மட்டும் இன வெறுப்பால் மூடுவது சமத்துவத்தை மறுப்பதாகும் என்றதோடு நீதிமன்றம் நிற்கவில்லை. தேவையெனில் மேற்பார்வையாளர்களை வரி விதிக்கவும் பணம் திரட்டவும் கீழ் நீதிமன்றம் கட்டளையிடலாம் என்றது. மாணவியின் வேலைநிறுத்தம் தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே, நீதியின் கை பணப்பெட்டியைத் தொட்டது.

அப்போதும் மேற்பார்வையாளர்கள் ஒதுக்கிய கணக்கைப் பாருங்கள். பொதுப் பள்ளிகளுக்கு 1,89,000 டாலர். தனியார் பள்ளிக் கட்டண உதவிக்கு 3,75,000 டாலர். அவ்வுதவியை நீதிமன்றம் மீண்டும் தடுத்துவிடும் என அஞ்சி, ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவோடிரவாகக் காசோலைகளை வெள்ளைப் பெற்றோர்க்கு வழங்கினர். 1966 ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனை நீதிமன்ற அவமதிப்பு என்றது. அவ்வாண்டிலேயே மாநிலத் தேர்தலுக்கான தலைவரியும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஒழிந்தது. 1971 ஆம் ஆண்டின் புதிய வர்ஜீனியா அரசமைப்பு, பொதுப் பள்ளிச் செலவில் உள்ளாட்சி தன் பங்கைச் செலுத்தியாக வேண்டும் என்று விதித்தது. வெள்ளையரின் தனியார் பள்ளி 1986 ஆம் ஆண்டில்தான் கறுப்பின மாணவர்க்குக் கதவைத் திறந்தது.

பார்பரா ஜான்ஸ் நூலகராகப் பணியாற்றி 1991 ஆம் ஆண்டில் மறைந்தார். மோட்டன் பள்ளிக் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. 2003 ஆம் ஆண்டில், பள்ளி மூடலால் படிப்பை முடிக்க இயலாமற் போனவர்க்குக் கவுண்டி மதிப்புறு சான்றிதழ்களை வழங்கியது. அடுத்த ஆண்டில் வர்ஜீனியா சட்டமன்றம், அவர்கள் விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர உதவித்தொகைத் திட்டம் ஒன்றை ஏற்படுத்திப் பணம் ஒதுக்கியது. 1959 ஆம் ஆண்டில் முதல் வகுப்பிற் சேர வேண்டியிருந்த பிள்ளைக்கு அப்போது வயது ஐம்பதைக் கடந்திருந்தது.