எஸ்கலேட்டர்: பன்மையில் தொலைந்த ஒரு வணிகப் பெயர்

போன வாரம் மெட்ரோ ஸ்டேஷனில் "எஸ்கலேட்டர் வேலை செய்யவில்லை" என்று ஓர் அட்டை. "நகரலைன்னா அது வெறும் படிதானே, இதுக்கு எதுக்கு போர்டு?" என்று ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே ஏறினார். எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அந்தச் சொல் ஒருகாலத்தில் ஒரே ஒரு கம்பெனியின் சொத்து.

சொல்லை உருவாக்கியவர் சார்லஸ் சீபெர்கர். 1899-ல் ஓட்டிஸ் லிஃப்ட் கம்பெனியோடு சேர்ந்தார். 1900-ல் அமெரிக்காவில் 'எஸ்கலேட்டர்' வணிகக் குறியாகப் பதிவானது. அதே ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் இயந்திரமும் பெயர் வாங்கியது. போட்டிக் கம்பெனிகள் அந்தச் சொல்லைத் தொட முடியாமல், 'மின் படிக்கட்டு', 'நகரும் படிக்கட்டு' என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தன.

இங்கேதான் இலக்கணம் வருகிறது. வணிகக் குறியை அடைமொழியாக எழுத வேண்டும், பின்னால் பொருளின் பொதுப்பெயர் வர வேண்டும் என்று வக்கீல்கள் சொல்வார்கள். அதாவது, 'எஸ்கலேட்டர் நகரும் படிக்கட்டு'. பன்மை ஆக்கக் கூடாது, வினையாக்கக் கூடாது, ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் தொடங்கக் கூடாது. வெறும் பண்டிதத்தனம் மாதிரித் தெரியும். ஆனால் காரணம் இருக்கிறது. குறி என்பது 'யாருடையது?' என்ற கேள்விக்குப் பதில். அது 'என்ன பொருள்?' என்பதற்குப் பதிலாகிவிட்டால், அந்தச் சொல் இல்லாமல் அடுத்தவர் கடையே விரிக்க முடியாது. ஒரு பொருளின் பெயரையே ஒருவருக்குப் பட்டா போட்டுக் கொடுக்கச் சட்டம் தயாராக இல்லை.

ஹாட்டன் என்ற போட்டிக் கம்பெனி பதிவை ரத்து செய்யக் கேட்டது. 1950-ல் தீர்ப்பு. ஓட்டிஸைக் கவிழ்த்தது அதன் சொந்த எழுத்துதான். 'ஓட்டிஸ்' என்ற வணிகக் குறியின் பெருமையை விளக்க வந்த ஒரு விளம்பரத்தில், 'எலிவேட்டர்', 'எஸ்கலேட்டர்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே தரத்தில், பன்மையில் எழுதியிருந்தார்கள். எலிவேட்டர் ஊருக்கே பொதுவான சொல். அப்படியானால் கூடப் பிறந்ததும் பொதுதானே? காப்புரிமை ஆவணங்களிலும் அதே கதை. பதிவு போனது.

ஆஸ்பிரின் வேறு வழியில் போனது. 1921-ல் நீதிபதி லேர்னட் ஹேண்ட், பொதுமக்களுக்கு அது மருந்தின் பெயரே என்றார். 'அசிட்டைல்சாலிசிலிக் அமிலம்' என்ற மாற்றுப் பெயர் டாக்டர், மருந்துக்கடைக்காரர் வாயில்தான் நுழைந்தது, நோயாளி வாயில் நுழையவில்லை.

வினைச்சொல்லாகப் பேசினாலே குறி செத்துவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். அது தப்பு. 2017-ல் கூகுள் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 'கூகுள் பண்ணு' என்று ஜனங்கள் சொல்வது மட்டும் போதாது. தேடுபொறிகள் எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டதா என்பதுதான் கேள்வி என்றது. நம் 1999 வணிகக் குறிச் சட்டத்தின் 36-ஆம் பிரிவும், அந்தத் தொழில் செய்பவர்களே அதைப் பொருளின் பெயராகப் பயன்படுத்துகிறார்களா என்றுதான் பார்க்கிறது.

ஆகவே "ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா" என்று நீங்கள் சொன்னால் குற்றமில்லை. கவலைப்பட வேண்டியது, தன் பெயரைத் தானே எப்படி எழுதுகிறோம் என்று பார்க்காத கம்பெனிதான்.