கேரளத்தில் ஆசிரியர் பணித்திறன் மதிப்பீடு: எதை அளப்பது, யார் அளப்பது?

திருவனந்தபுரம்: பொதுக்கல்வியில் நாட்டின் முன்னோடி மாநிலங்களுள் ஒன்றாகக் கருதப்படும் கேரளத்தில், ஒரு ஆசிரியர் வகுப்பறையில் எப்படிக் கற்பிக்கிறார் என்பதை ஆண்டுதோறும் முறையாக அளந்து, அதைப் பதவி உயர்வுடனோ ஊதியத்துடனோ இணைக்கும் ஏற்பாடு வேரூன்றவில்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020 அத்தகைய ஏற்பாட்டை எல்லா மாநிலங்களுக்கும் பரிந்துரைத்தது. பணியில் இருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று அளித்த தீர்ப்பு, விவாதத்தை மீண்டும் சூடாக்கியது. மதிப்பீடு தேவையா என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எதை அளப்பது, யார் அளப்பது, அளந்த பின் என்ன செய்வது என்பவற்றில்தான் சிக்கல்.

தகுதி வேறு, பணித்திறன் வேறு

இவ்விரண்டும் பொது விவாதத்தில் அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நீதிபதிகள் தீபங்கர் தத்தா, அகஸ்டின் ஜார்ஜ் மசீஹ் அமர்வு வழங்கிய மேற்கண்ட தீர்ப்பின்படி, ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவாகப் பணிக்காலம் உள்ளவர்கள் தேர்வு எழுதாமல் பணியில் தொடரலாம்; ஆனால் பதவி உயர்வு கோர முடியாது. கேரளத்தில் இத்தேர்வை 'கே-டெட்' என்ற பெயரில் திருவனந்தபுரம் பூஜப்புரையில் இயங்கும் பரீட்சை பவன் நடத்துகிறது.

இது ஒருவர் ஆசிரியராகத் தகுதி உடையவரா என்பதைச் சோதிக்கும் எழுத்துத் தேர்வு. கடந்த திங்கட்கிழமை மூன்றாம் வகுப்பில் பின்னத்தை அவர் எப்படி விளக்கினார், பின்வரிசையில் அமர்ந்திருந்த குழந்தைக்கு அது புரிந்ததா என்பதை இத்தேர்வு சொல்லாது. பணித்திறன் மதிப்பீட்டின் களம் அந்த வகுப்பறைதான்.

தற்போது உள்ள விதிகள்

கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரையறுக்கிறது. காலந்தவறாமை, குறித்த காலத்தில் பாடத்திட்டத்தை முடித்தல், ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் கணித்துத் தேவையான கூடுதல் பயிற்சி அளித்தல், பெற்றோரைச் சந்தித்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். கடமை தவறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் அப்பிரிவு இடம் தருகிறது. ஆனால் கடமை எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதை அளக்கும் கருவியைச் சட்டம் தரவில்லை.

கேரளத்தில் பதவி உயர்வைத் தீர்மானிப்பவை 1959-ஆம் ஆண்டின் கேரளக் கல்வி விதிகள். உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராவதற்குப் பணிமூப்பே அடிப்படை. அதனுடன் 12 ஆண்டு பட்டதாரிப் பணியும், கணக்குத் தேர்வு, கல்வி விதிகள் தேர்வு ஆகிய துறைத் தேர்வுகளில் தேர்ச்சியும் தேவை. கணக்கையும் விதிகளையும் சோதிக்கும் இந்த வரிசையில் கற்பித்தல் திறனுக்கான சோதனை இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஆயினும் கேரள ஆசிரியர் எந்த மதிப்பீட்டுக்கும் உட்படாதவர் என்று சொல்ல முடியாது. பள்ளி திறந்த ஆறாவது வேலைநாளில் எடுக்கப்படும் மாணவர் கணக்கெடுப்பின் அடிப்படையிலேயே ஒவ்வொரு பள்ளிக்கும் ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. தொடக்க வகுப்புகளில் 30 மாணவர்களுக்கு ஒருவர், உயர் தொடக்க வகுப்புகளில் 35 மாணவர்களுக்கு ஒருவர் என்பது விகிதம். எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் போய்விடும். கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் வீடு வீடாகச் சென்று மாணவர்களைச் சேர்ப்பதன் பின்னணி இதுவே. பிறப்பு விகிதம் குறைந்துவரும் மாநிலத்தில், திறமையான ஆசிரியரும் பணியிடத்தை இழக்கலாம். அவருடைய கற்பித்தலைப் பற்றி இந்த எண் ஒன்றும் சொல்வதில்லை.

தேர்ச்சி விகிதம் ஏன் அளவுகோல் ஆகாது

மாணவர்களின் தேர்வு முடிவைக் கொண்டே ஆசிரியரை எடை போடலாமே என்பது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. கேரளத்தில் அது நடைமுறைக்கு ஒவ்வாது. எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி விகிதம் 2023-இல் 99.70, 2024-இல் 99.69, 2025-இல் 99.5. ஏறக்குறைய எல்லோரும் தேர்ச்சி பெறும் தேர்வைக் கொண்டு சிறந்த ஆசிரியரையும் சாதாரண ஆசிரியரையும் பிரித்தறிய முடியாது.

அந்த மதிப்பெண்களின் நம்பகத்தன்மையே கேள்விக்கு உள்ளானதும் உண்டு. தாராளமாக மதிப்பெண் வழங்கும் போக்கைப் பொதுக்கல்வி இயக்குநரே கடுமையாக விமர்சித்த ஒலிப்பதிவு 2023 டிசம்பரில் வெளியானது. அது அரசின் நிலைப்பாடு அல்ல என்று அப்போதைய கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி விளக்கம் அளித்தார். ஆனால் அடுத்த ஆண்டே அரசு ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் மட்டும் குறைந்தது 30 விழுக்காடு பெற வேண்டும் என்ற விதியை, 2024–25-இல் எட்டாம் வகுப்பிலும், 2025–26-இல் ஒன்பதாம் வகுப்பிலும், 2026–27-இல் பத்தாம் வகுப்பிலும் படிப்படியாக நடைமுறைப்படுத்த 2024 ஆகஸ்டில் முடிவு செய்யப்பட்டது. அதாவது 80 மதிப்பெண் தாளில் 24, 40 மதிப்பெண் தாளில் 12.

மீதமுள்ள அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை வழங்குபவர் வகுப்பாசிரியரே. கீழ் வகுப்புகளில் விடைத்தாளைத் திருத்துவதும் அவரே. அவர் போடும் மதிப்பெண்ணை வைத்து அவரையே மதிப்பிட்டால் விளைவு என்னவாகும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் அது நடந்தே இருக்கிறது. மாணவர் மதிப்பெண் இலக்குகளின் அழுத்தத்தில் ஆசிரியர்களே விடைத்தாள்களைத் திருத்தி எழுதிய முறைகேட்டில், 44 பள்ளிகளைச் சேர்ந்த 178 கல்வியாளர்கள் ஈடுபட்டதாக 2011-இல் விசாரணை அறிக்கை கூறியது. 2015-இல் 11 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், மாணவர் தேர்ச்சிக்கேற்பப் பள்ளிக்கு மானியம் என்ற முறையை இங்கிலாந்து 1862-இல் கொண்டுவந்தது. சென்னை மாகாணத்திலும் அது பின்பற்றப்பட்டது. குழந்தைகள் மனப்பாட இயந்திரங்கள் ஆனதுதான் மிச்சம் என்ற விமர்சனங்களுக்குப் பின் இரு இடங்களிலும் கைவிடப்பட்டது.

தேசியக் கல்விக் கொள்கை சொல்வது

2020 கொள்கை தேர்வு முடிவை மையமாக வைக்கவில்லை. சக ஆசிரியர்களின் கருத்து, வருகை, ஈடுபாடு, தொழில்சார் பயிற்சி நேரம், பள்ளிக்கும் சமூகத்துக்கும் ஆற்றும் தொண்டு எனப் பல கூறுகளைச் சேர்த்து மதிப்பிட்டு, அதன்படி பணி உறுதி, பதவி உயர்வு, ஊதிய உயர்வு ஆகியவற்றைத் தீர்மானிக்கச் சொல்கிறது. ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சியையும் எதிர்பார்க்கிறது. இதற்கான தொழில்முறைத் தரநிலைகளை உருவாக்கும் பொறுப்பு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்துக்கு வழங்கப்பட்டது.

இதற்கு முன்பே, 2013-இல், என்.சி.இ.ஆர்.டி. 'பிண்டிக்ஸ்' என்ற பணித்திறன் குறியீட்டுத் தொகுப்பைத் தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்காக வெளியிட்டது. கற்றல் அனுபவங்களைத் திட்டமிடுதல், பாட அறிவு, கற்பிக்கும் உத்தி, மாணவர் மற்றும் பெற்றோருடனான உறவு, தொழில் வளர்ச்சி, பள்ளி மேம்பாடு, வருகை என ஏழு தரநிலைகளில், நான்கு படிநிலைகளில் ஆசிரியர் தம்மைத் தாமே மதிப்பிட்டுக்கொள்வார். பின்னர் தலைமை ஆசிரியர் அதைப் பார்வையிடுவார். வடிவமைப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் நிரப்பி மேலே அனுப்பப்பட்ட படிவத்திலிருந்து வகுப்பறைக்கு என்ன திரும்பி வரும் என்பதே ஆசிரியர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

ஆய்வுகள் தரும் எச்சரிக்கை

இந்தியாவிலேயே நடத்தப்பட்ட மூன்று ஆய்வுகள் இங்கே பொருந்தும். மூன்றிலும் பொருளியலாளர் கார்த்திக் முரளிதரன் பங்கேற்றுள்ளார்.

ஆந்திரத்தில் கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளில், மாணவர் மதிப்பெண் உயர்வுக்கேற்ப ஆசிரியர்களுக்கு ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. சராசரித் தொகை ஆண்டு ஊதியத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே. இரண்டு ஆண்டுகளில் அப்பள்ளி மாணவர்கள் மற்றவர்களைவிடக் கணிதத்தில் 0.27, மொழியில் 0.17 திட்டவிலக்கம் முன்னேறினர். கல்வி ஆய்வுகளில் இது கணிசமான உயர்வு. ஆனால் அங்கே மதிப்பெண்ணை அளந்தது ஆய்வுக்குழு, ஆசிரியர்கள் அல்லர்.

இரண்டாவது ஆய்வும் ஆந்திரத்தில்தான். இதில் பணம் இல்லை. மாணவர்களின் பலம், பலவீனம் பற்றிய விரிவான அறிக்கை ஆசிரியர்களுக்கு அளிக்கப்பட்டு, வகுப்புகளும் பார்வையிடப்பட்டன. பார்வையாளர் இருக்கும்போது ஆசிரியர்கள் கூடுதல் முனைப்புக் காட்டினர். மாணவர் மதிப்பெண்ணில் மட்டும் மாற்றம் இல்லை.

மூன்றாவதே அரசு நிர்வாகிகள் ஊன்றிப் படிக்க வேண்டியது. மத்தியப் பிரதேசத்தில் பள்ளி மதிப்பீடும் மேம்பாட்டுத் திட்டமும் இணைந்த ஒரு பெரிய முயற்சியை முரளிதரனும் அபிஜித் சிங்கும் ஆராய்ந்தனர். மதிப்பீடுகள் முடிந்தன, திட்டங்கள் எழுதப்பட்டன, ஆவணங்கள் நிறைந்தன. வகுப்பறையிலும் மாணவர் கற்றலிலும் எந்த மாற்றமும் தென்படவில்லை. இருந்தும் ஏட்டளவில் வெற்றியாகத் தோன்றிய அந்த மாதிரி, நாடு முழுவதும் சுமார் 6 லட்சம் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது.

வெளிநாட்டு அனுபவமும் இதிலிருந்து விலகவில்லை. அமெரிக்காவில் கேட்ஸ் அறக்கட்டளையின் ஆதரவுடன் சுமார் 57.5 கோடி டாலர் செலவில் நடந்த ஆசிரியர் திறன் திட்டம், மாணவர் முன்னேற்ற இலக்குகளை எட்டவில்லை என்று ராண்ட் நிறுவனம் 2018-இல் அறிவித்தது. மாணவர் மதிப்பெண் வேறுபாட்டில் ஆசிரியரால் விளைவது 1 முதல் 14 விழுக்காடு வரையே என்பது பெரும்பாலான ஆய்வுகளின் முடிவு என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014-இல் சுட்டிக்காட்டியது.

யார் அளப்பது?

இயல்பாகச் சுட்டப்படுபவர் தலைமை ஆசிரியர். கேரளத்தின் சிறிய தொடக்கப் பள்ளிகளில் அவரே ஒரு வகுப்பையும் நடத்துகிறார். மதிய உணவுத் திட்டத்தின் கணக்கும் அவர் பொறுப்பே. அத்திட்டத்துக்கான தொகை உரிய காலத்தில் வராததால், கையிலிருந்து செலவழித்துக் கடன்பட்ட தலைமை ஆசிரியர்கள் 2023-இல் உயர் நீதிமன்றம் வரை சென்றனர். காய்கறிக் கடைக்காரருக்குப் பாக்கி வைத்திருக்கும் ஒருவர், பக்கத்து வகுப்பில் 40 நிமிடம் அமர்ந்து குறிப்பெடுப்பார் என்று எதிர்பார்ப்பது கடினம். உதவிக் கல்வி அலுவலர்களின் மேசையோ பணியிட நிர்ணயம், நியமன ஒப்புதல் போன்ற நிர்வாகக் கோப்புகளால் நிறைந்தது.

அரசு உதவி பெறும் பள்ளிகளில் சிக்கல் இரட்டிப்பாகிறது. கேரளத்தில் அரசுப் பள்ளிகளைவிட இவற்றின் எண்ணிக்கையே அதிகம். ஆசிரியரை நியமிப்பவர் பள்ளி மேலாளர். ஊதியம் அளிப்பது அரசு. மதிப்பீட்டில் மேலாளருக்கு இடம் அளித்தால் அது பழிவாங்கும் கருவியாகலாம் என்ற அச்சம் எழும். அளிக்காவிட்டால் நிர்வாக உரிமையில் தலையீடு என்ற எதிர்ப்பு எழும். இந்த உரிமைப் போர் பழையது. ஜோசப் முண்டசேரி 1957-இல் கொண்டுவந்த கல்வி மசோதாவுக்கு எதிராகத் திரண்ட போராட்டம், 1959 ஜூலை 31 அன்று இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அரசு கலைக்கப்படுவதில் முடிந்தது.

தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு கோணமும் உண்டு. தலைநகரின் சாலைப் பகுதியிலும், இடுக்கித் தோட்டப் பகுதிகளிலும், பாலக்காட்டு எல்லையிலும் தமிழ்வழிக் கல்வி அளிக்கும் பள்ளிகள் இயங்குகின்றன. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் குழந்தைக்குத் தமிழில் நடக்கும் வகுப்பை, தமிழ் அறியாத ஒருவர் பார்வையிட்டு மதிப்பெண் இடுவதில் பொருள் இல்லை. மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தந்த மொழி அறிந்த மதிப்பீட்டாளர்களை ஒதுக்குவது, திட்ட வரைவிலேயே இடம்பெற வேண்டிய விவரம்.

அரசியலும் சங்கங்களும்

கேரளத்தில் ஆசிரியர் சங்கங்கள் வலுவானவை. இடதுசாரி ஆதரவு கே.எஸ்.டி.ஏ. முதல் காங்கிரஸ் ஆதரவு கே.பி.எஸ்.டி.ஏ. வரை, கலந்தாலோசனை இல்லாத எந்த மாற்றத்தையும் எதிர்ப்பதில் ஒன்றுபடுகின்றன. 220 வேலைநாள் என்ற இலக்குக்காக 2024–25-இல் 25 சனிக்கிழமைகள் வேலைநாளாக்கப்பட்டபோது ஆசிரியர்கள் நீதிமன்றத்தை நாடினர். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

தேசியக் கல்விக் கொள்கையின் பெயரில் வரும் எதுவும் இம்மாநிலத்தில் சந்தேகத்துடனேயே பார்க்கப்படுகிறது. 2025 அக்டோபரில் பி.எம். ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இடதுசாரி அரசு, கூட்டணிக் கட்சியான இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைக்க நேர்ந்தது. மாநிலமே அமைத்த எம்.ஏ. காதர் குழுவின் நிலையும் எளிதாக இல்லை. 2017-இல் அமைக்கப்பட்ட அக்குழு முதல் பகுதி அறிக்கையை 2019-இலும், தரமான கல்வி பற்றிய இரண்டாம் பகுதியை 2022-இலும் அளித்தது. பின்னதை அமைச்சரவை கொள்கையளவில் ஏற்றது 2024 ஆகஸ்டில்தான்.

இந்தச் சூழலில், தண்டனையும் ஊதியமும் இணைக்கப்படாத, வகுப்பறைப் பார்வையை மையமாகக் கொண்ட மதிப்பீட்டிலிருந்து தொடங்குவதே நடைமுறைக்கு உகந்ததாகத் தெரிகிறது. அதற்கான அமைப்புகள் 14 மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்களாகவும் வட்டார வள மையங்களாகவும் ஏற்கெனவே உள்ளன. ஆனால் பார்வையிட்டவரே சில வாரங்களில் மீண்டும் அதே வகுப்புக்கு வந்து, சொன்னது நடந்ததா என்று பார்க்க வேண்டும். ஆந்திர ஆய்வு காட்டியபடி, ஒருமுறை அறிக்கை கொடுத்துவிட்டுச் செல்வதால் பயன் இல்லை. இதற்கு ஆள் தேவை, நேரம் தேவை, தலைமை ஆசிரியரின் தோளிலிருந்து சில கோப்புகளை இறக்கி வைக்க நிதியும் தேவை.

பாடவாரிக் குறைந்தபட்ச மதிப்பெண் விதி பத்தாம் வகுப்பை எட்டும் முதல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு 2027-இல் வருகிறது. பணியில் உள்ள ஆசிரியர்கள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குறித்த இரண்டு ஆண்டுக் காலமும் அதே ஆண்டில் முடிகிறது.