பெயர் மாறினால் வரி குறையுமா?



புகையிலை வரி பற்றிய நமது தொலைக்காட்சிக் கருத்தரங்கில், பார்வையாளர் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். “இளையர்கள் சிகரெட்டைத் தொடக்கூடாது என்று வரி போடுகிறீர்கள், சரி. வாரத்துக்கு ஒரே ஒரு சுருட்டுப் பிடிக்கிற என்னைப் போன்ற கிழவனுக்கும் எதற்கம்மா அதே வரி?” அரங்கம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். நேரமில்லை என்பது ஒரு காரணம். பதில் தெரியவில்லை என்பது மற்றொரு காரணம். வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. வரலாற்றைப் புரட்டினேன். பதில் நான் எதிர்பார்த்ததைவிடப் பழையதாக இருந்தது.

மன்னரின் கோபம்

1604ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் அரியணையில் முதலாம் ஜேம்ஸ் அமர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவருக்குப் புகையிலை என்றாலே ஆகாது. அதைக் கண்டித்துத் தம் கைப்படவே ஒரு சிறு நூல் எழுதினார். அதோடு நிற்கவில்லை. ஒரு ராத்தல் புகையிலைக்கு 2 பென்ஸாக இருந்த இறக்குமதித் தீர்வையை 6 ஷில்லிங் 10 பென்ஸாக உயர்த்தினார். அதாவது 82 பென்ஸ், ஏறத்தாழ 41 மடங்கு!

அந்தக் காலத்தில் சிகரெட் ஏது? களிமண்ணால் செய்த சுங்கானில், அதாவது பைப்பில்தான் இங்கிலாந்து மக்கள் புகைத்தார்கள். எனவே வரலாற்றின் முதல் பெரிய புகையிலை வரி உயர்வைத் தாங்கியவர்கள் பைப் பிடித்தவர்களே. அவர்கள் நிறுத்தினார்களா? பலர் நிறுத்தவில்லை. சுங்கத்துக்குத் தெரியாமல் சரக்கு கரையேறியது. உள்ளூரிலேயே புகையிலை பயிரிடுவதும் தொடங்கியது. 1608இல் தீர்வையை ஒரு ஷில்லிங்காகக் குறைக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு திருப்பமும் உண்டு. வர்ஜீனியாவில் ஆங்கிலேயக் குடியேறிகள் விளைவித்த புகையிலை கப்பல் கப்பலாக வரத் தொடங்கியதும், அதன் தீர்வை அரசின் கருவூலத்தை நிரப்பியது. 1619இல் அதே மன்னர் இங்கிலாந்தில் புகையிலை பயிரிடுவதையே தடை செய்தார். வெறுத்த பொருளின் வருமானத்தை விட மனம் வரவில்லை. வரி என்பது மக்களைத் திருத்தவா, பணம் திரட்டவா என்ற சந்தேகம் அன்றே பிறந்துவிட்டது எனலாம்.

ஒரு சொல்லின் விலை

இனி நானூறு ஆண்டுகள் தாண்டி அமெரிக்காவுக்கு வருவோம். 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதிபர் ஒபாமா ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். குழந்தைகளின் மருத்துவக் காப்புறுதிக்குப் பணம் வேண்டும். அதைப் புகையிலை வரியிலிருந்து எடுப்பது என்பது ஏற்பாடு. நல்ல நோக்கம்தான். ஏப்ரல் 1 முதல் ஒரு பெட்டி சிகரெட்டுக்கான மத்திய வரி 39 காசிலிருந்து ஏறக்குறைய 1 டாலருக்கு உயர்ந்தது.

சிக்கல் மற்றப் பொருள்களில் வந்தது. கையால் சுருட்டிப் புகைக்கும் தூளுக்கும், பைப்பில் இட்டுப் புகைக்கும் தூளுக்கும் அதுவரை ஒரே வரி, ராத்தலுக்கு 1.0969 டாலர். புதிய சட்டத்தில் சுருட்டும் தூளுக்கு 24.78 டாலர், பைப் தூளுக்கோ 2.83 டாலர் மட்டுமே. இரண்டையும் பிரித்தறிய வழி என்ன? தோற்றம், வகை, பொட்டலம், அதன் மேலிருக்கும் பெயர் இவற்றைக் கொண்டு, பைப்புக்கென வாங்கப்படக் கூடியது எதுவோ அதுவே பைப் தூள் என்றது சட்டம்.

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? சுருட்டும் தூளின் பொட்டலத்தில் பெயரை மட்டும் மாற்றி, ‘பைப் தூள்’ என்று விற்றார்கள். 2009 ஜனவரியில் மாதத்துக்கு சுமார் 240,000 ராத்தல் விற்ற பைப் தூள், 2011 செப்டம்பரில் 30 லட்சம் ராத்தலைத் தாண்டியது. அமெரிக்கர்கள் திடீரென்று பைப்பைக் கையில் எடுத்துவிட்டார்களா என்ன! அதே காலத்தில் சுருட்டும் தூளின் விற்பனை சுமார் 20 லட்சம் ராத்தலிலிருந்து 315,000 ராத்தலுக்குச் சரிந்தது.

சுருட்டிலும் இதே கதை. ஆயிரம் சுருட்டின் எடை 3 ராத்தலைத் தாண்டினால் அது ‘பெரிய சுருட்டு’. தாண்டாவிட்டால் ‘சிறு சுருட்டு’. இரண்டுக்கும் வரிமுறை வேறு. உற்பத்தியாளர்கள் சிறு சுருட்டின் எடையைக் கொஞ்சம் கூட்டி, பெரிய சுருட்டாக்கிவிட்டார்கள். இந்த மாற்றங்களால் இரண்டரை ஆண்டுகளில் அரசுக்கு 61.5 கோடி முதல் 110 கோடி டாலர் வரை இழப்பு என்று அந்நாட்டு அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் மதிப்பிட்டது.

சரி, உண்மையாகவே சுருட்டுப் பிடிப்பவர்கள் நிலை என்ன? பெரிய சுருட்டுக்கு ஆலை விலையில் 52.75 விழுக்காடு வரி, ஆனால் ஒரு சுருட்டுக்கு 40.26 காசுக்கு மேல் போகாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆலை விலை 50 காசு உள்ள மலிவுச் சுருட்டுக்கு வரி 26 காசு, பாதிக்கு மேல். 10 டாலர் சுருட்டுக்கோ 40 காசு, அதாவது 4 விழுக்காடு. செல்வந்தரின் சுருட்டுக்குக் குடை. ஏழையின் சுருட்டுக்கு மழை.

நம் ஊர்க் கணக்கு

சிங்கப்பூரில் சுருட்டுக்கு வரி எடையின்படி. 2023 வரவு செலவுத் திட்டத்தில் புகையிலை வரி 15 விழுக்காடு உயர்ந்தபோது, சுருட்டுக்குக் கிலோவுக்கு 491 வெள்ளி ஆனது. அப்போது 10 கிராம் சுருட்டுக்கு வரி 4 வெள்ளி 91 காசாக இருந்தது. மலிவோ விலை உயர்ந்ததோ, எடை ஒன்றானால் வரி ஒன்றே. பீடிக்கும் ஆங் ஹூனுக்கும் அப்போது கிலோவுக்கு 378 வெள்ளியாக இருந்தது. இடைவெளி இங்கும் உண்டு. ஆனால் அமெரிக்காவைப் போல ஒன்பது மடங்கு இல்லை.

இந்த இடைவெளி எனக்கு வெறும் எண் அல்ல. என் தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மாலையானால் வீட்டு வாசலில் உட்கார்ந்து திருச்சிச் சுருட்டு ஒன்றைப் பற்ற வைப்பார். நான் பள்ளியில் படித்த காலத்தில் விலை ஏறிக்கொண்டே போனது. “இனி கட்டுப்படியாகாது” என்றார். பாட்டி மகிழ்ந்து போனார். ஆனால் தாத்தா நிறுத்தவில்லை, மாறினார். மலிவாகக் கிடைத்த ஆங் ஹூனை வாங்கித் தாளில் சுருட்டினார். மாலையில் ஒன்று என்றிருந்தது, நாள் முழுவதும் என்றானது. தொண்டையில் புற்று என்று மருத்துவர் சொன்னபோது, அவர் முதலில் கேட்டது, “சுருட்டாலா, தாளாலா?” என்பதுதான். மருத்துவர் பதில் சொல்லவில்லை.

இன்று அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். சுருட்டுப் புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் நிக்கோட்டின் வாய்வழியே இரத்தத்தில் கலக்கும். வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் ஆபத்து சுருட்டுக்கும் உண்டு, பைப்புக்கும் உண்டு. பெயரை மாற்றினால் வரி ஏமாறலாம், உடம்பு ஏமாறாது.

ஆகவே, கேள்வி கேட்ட பெரியவருக்கு என் பதில் இது. ஐயா, உங்கள் ஒரு சுருட்டைத் தண்டிப்பதற்காக அல்ல இந்த வரி. உங்கள் சுருட்டுக்கு மட்டும் சலுகை கொடுத்தால், நாளை சிகரெட்டெல்லாம் சுருட்டு என்ற பெயரில் கடைக்கு வரும். அமெரிக்கா அதைப் பார்த்துவிட்டது. ஒரு கதவை அடைத்துவிட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தால், அதன் வழியே முதலில் நுழைபவர் கையில் காசு குறைந்தவர்தான். என் தாத்தா அப்படி நுழைந்தவர்.

அன்று அரங்கில் சிரித்துவிட்டு நகர்ந்ததற்கு என்னை மன்னியுங்கள் ஐயா. அந்த வாரத்துக்கு ஒன்றையும் விட்டுவிட்டால், உங்கள் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து நானும் மகிழ்வேன்.