திரித்த சணலும் திசைமாறிய அலையும்

பொத்துவிற் களப்பின்மீது சாய்வெயில் விழும் வேளையில் நீர்ப்பரப்பு கண்ணைக் கூசச் செய்வதை அவ்வூரார் யாவரும் அறிவர். நீரிலே தெறித்து வரும் அவ்வொளியின் அதிர்வு பெரும்பாலும் கிடைத் திசைக்குக் கட்டுப்பட்டிருக்கும். இவ்வாறு ஒளியின் அதிர்வு ஒரு திசைக்கு அடங்குவதையே முனைவாக்கம் என்பர். தெறித்த ஒளிக்கு இவ்வியல்பு உண்டென்பதைப் பிரெஞ்சு அறிஞர் மாலூசு 1808இல் கண்டார். இயற்கையில் நிகழும் இதனை மனிதன் தன் விருப்பப்படி ஆளக் கற்ற வரலாற்றில் நமது துணைக்கண்டத்துக்குரிய பங்கு போதிய அளவு பேசப்படவில்லை.

கல்கத்தா மாநிலக் கல்லூரியிற் கற்பித்த சகதீச சந்திர போசு, 1890களில் மில்லிமீற்றர் அளவான மின்காந்த அலைகளை ஆராய்ந்தார். அவை கண்ணுக்குப் புலப்படாவிடினும் ஒளியின் இனத்தனவே. புகைவண்டி நேர அட்டவணை நூலொன்றின் தாள்களுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகி, அதனையே அவர் முனைவாக்கியாகப் பயன்படுத்தினார். 1898இல் அதனினும் எளிய பொருளொன்றை எடுத்தார்: சணல். முறுக்கிய சணற் கற்றைகளினூடே அலையைச் செலுத்தியபோது அதன் அதிர்வுத் தளம் திரும்பியது. முறுக்கை எதிர்ப்புறமாக்கியபோது தளமும் எதிர்ப்புறம் திரும்பியது. சர்க்கரைக் கரைசல் ஒளியின் தளத்தைத் திருப்புவதற்கு இஃது ஒரு மாதிரியாயிற்று. பொருள் எதுவென்பது மட்டுமன்று, அஃது எவ்வாறு அமைந்துள்ளது என்பதும் அலையை ஆளும் என்னும் உண்மை இதனாற் புலனாயிற்று. அவரே கலீனாப் பளிங்கால் அமைத்த அலையுணர்கருவிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கலீனா ஒரு குறைகடத்தியாகும்.

அரை நூற்றாண்டின் பின்னர், பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்திற் பணியாற்றிய இளைஞர் பஞ்சரத்தினம், 1955இல் பளிங்குத் தகடுகளைத் தக்க கோணங்களில் அடுக்கி, வெவ்வேறு நிற ஒளிகள்மீதும் ஏறத்தாழ ஒரே வகையிற் செயற்படும் அமைப்பை வகுத்தார். முனைவாக்க நிலை பலவாறு மாறித் தொடக்கத்துக்கே மீளும்போது, ஒளி சென்ற வழியின் வடிவம் அதன் கட்டத்திலே பதிந்திருக்கும் என்பதை 1956இல் காட்டினார். அப்போது அவருக்கு வயது 22. 1969இல் அவர் மறைந்தார். பிரித்தானிய அறிஞர் மைக்கேல் பெரி 1984இல் இத்தகைய கட்டத்தைக் குவாண்டக் கொள்கையிற் பொதுவாக நிறுவினார். பஞ்சரத்தினத்தின் முன்மையை 1987இல் எடுத்துரைத்தார்.

இன்று சிலிக்கன் சில்லிலே ஒளியைக் கொண்டுசெல்லும் அலைவழிகாட்டியின் தடிப்பு பெரும்பாலும் 220 நானோமீற்றர். அகலம் அதன் இருமடங்களவு. உயரமும் அகலமும் ஒவ்வாமையால், கிடையாக அதிரும் ஒளியும் நிலைக்குத்தாக அதிரும் ஒளியும் வெவ்வேறு வேகத்திற் செல்கின்றன. ஒளியிழையிலிருந்து வரும் ஒளியின் முனைவாக்கமோ நிலையானதன்று. ஆதலின் இரு கூறுகளையும் பிரித்து, ஒன்றைத் திருப்பி மற்றதனோடு ஒத்ததாக்க வேண்டியுள்ளது. வழிகாட்டியின் குறுக்குவெட்டைச் சமச்சீரற்றதாக்கி இத்திருப்பத்தை உண்டாக்குவதும் ஒரு முறை. இங்கும் அலையை ஆள்வது அமைப்பே.

போசு சிலிக்கன் சில்லை முன்கண்டார் எனப் பெருமை பேசுதல் வரலாறாகாது. ஆயின், விலையுயர்ந்த மேனாட்டுக் கருவிகள் வந்த பின்னரே நம்மால் ஆராய இயலும் என்று வாளாவிருப்பதும் வரலாற்றை அறியாமையேயாம். சணலும் பழைய நூலும் அன்று போதியனவாயிருந்தன. போதாதிருந்தது, அவற்றின் பயனைப் போற்றிப் பதிந்துவைத்த நினைவே. அந்நினைவைக் காத்தல் அறிவியற் பீடத்தின் கடன் மட்டுமன்று. கலைப்பீடத்தாராகிய நமது கடனுமாகும்.