சொந்தப் பாட்டு

அருப்புக்கோட்டையில் ராக் பேண்ட் உண்டா என்று கேட்டால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். ஆனால் ஒரு பேண்டுக்கு வேண்டிய ஆள்கள் எங்கள் பக்கம் எப்போதும் இருந்திருக்கிறார்கள். பங்குனி, சித்திரையில் எந்த மாரியம்மன் கோயில் பொங்கலுக்குப் போனாலும் மேடையில் ஒரு ஆர்கெஸ்ட்ரா நிற்கும். லீட் கிட்டார், பேஸ் கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ், பேடு, தபலா, நாலைந்து பாடகர்கள். திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி, பந்தல்குடி என்று வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சீசன் முழுக்கச் சுற்றுவார்கள். பெங்களூரிலோ லண்டனிலோ ஒரு ராக் பேண்ட் வைத்திருக்கும் கருவிகளில் இவர்களிடம் இல்லாதது அநேகமாக எதுவும் இல்லை. இவர்களிடம் இல்லாதது சொந்தப் பாட்டு.

அப்படி ஒரு குழுவில் பேஸ் வாசிக்கும் அண்ணன் ஒருவரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். "ஏண்ணே, நீங்களே ஒரு பாட்டு போட்டு மேடையில பாடுனா என்ன?"

"போடலாம் தம்பி. ரெண்டாவது சரணம் வரைக்கும் கூட்டம் இருக்கணும்ல? ஊர்ல தலைக்கட்டு வரி பிரிச்சுக் காசு குடுக்குறாங்க. அவங்க கேக்குறதத்தான் பாடணும். நம்ம பாட்ட எவன் கேட்டான்?"

பாட்டைச் செய்வது ஒரு வேலை. அதைக் கேட்க ஒரு கூட்டத்தைச் சேர்ப்பது இன்னொரு வேலை. சுயாதீன இசையின் வரலாறு என்று நாம் படிப்பதில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது வேலையின் வரலாறுதான். உலகம் முழுக்கச் சொல்லப்படும் ஒரு கதையை முதலில் பார்ப்போம். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பஸ்காக்ஸ் என்று ஒரு பங்க் குழு. பெரிய ரெக்கார்டு கம்பெனி எதுவும் தேடி வரும்வரை காத்திருக்காமல், தெரிந்தவர்களிடமும் வீட்டிலும் 500 பவுண்டு கடன் வாங்கி, 1976 டிசம்பர் கடைசியில் நான்கு பாட்டுகளை ஒரே நாளில் பதிவுசெய்தார்கள். 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற அந்த இசைத்தட்டைத் தங்கள் சொந்த லேபிளில் வெளியிட்டார்கள். முதலில் அடித்தது 1000 பிரதி. எந்தப் பாட்டை எத்தனையாவது தடவையில் பதிவுசெய்தோம் என்பதையும் உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். 'இதில் ரகசியம் எதுவும் இல்லை, நீங்களும் செய்யலாம்' என்பது அதன் பொருள். பின்னால் 'இண்டி', 'ஆல்டர்நேட்டிவ்' என்று பெயர் பெற்ற பெரும் போக்குக்கு இந்தத் தட்டு ஒரு தொடக்கப்புள்ளி என்பார்கள்.

இதைப் படித்துவிட்டு 'அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ல நடக்கும்' என்று சொல்லத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம், எங்கள் கரிசல் காட்டைச் சுற்றியே நூறு வருஷத்துக்கு முன்னால் இதைச் செய்திருக்கிறார்கள்.

மானாவாரிப் பூமியில் ஐப்பசி மழைக்கு விதைத்து, தை, மாசியில் சோளம், கம்பு, மல்லி எடுத்து, பருத்தியும் எடுத்து முடித்தால் கையில் கொஞ்சம் காசும் நிறையப் பொழுதும் இருக்கும். அதற்குப் பிறகுதான் கொடைகளும் பொங்கல்களும். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஸ்பெஷல் நாடகம் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்கள்தான் அடித்தளம். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்தும், ஆர்மோனியக்காரர் வேறொரு ஊரிலிருந்தும் வருவார்கள். ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் 'வள்ளி திருமணம்' தெரியும், அவ்வளவுதான். கதை ஒன்றே என்பதால் கூட்டம் வருவது பாட்டுக்காக, அந்த நடிகர் அன்று ராத்திரி கதைக்குள் எதை நுழைக்கப் போகிறார் என்பதற்காக.

சிவகாசியில் 1886இல் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாததாஸ் அந்த இடைவெளியில்தான் தன் பாட்டை நுழைத்தார். முருகன் வேஷத்தில் வந்து, தினைப்புனத்துக் கதையின் நடுவே, வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார். கொக்கு யார் என்று கூட்டத்துக்குத் தெரியும், ஓரத்தில் நிற்கும் போலீஸ்காரருக்கும் தெரியும். பலமுறை மேடையிலேயே கைதானார். இத்தனைக்கும் அவர் பிறந்தது முடிதிருத்தும் மருத்துவர் சாதியில். அதைக் காரணம் காட்டி, அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் உண்டு. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், அதே முருகன் வேஷத்தில், மேடையிலேயே உயிர் போனது.

அவரைப் போன்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952). அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, விளாத்திகுளம் பக்கத்து நாகலாபுரம்தான் அவர் ஊர். மெட்டும் சொல்லும் அவருடையவை. பாட்டு ஊர் ஊராகப் போனது மூன்று வழிகளில்: நாடக மேடை, மலிவு விலைப் பாட்டுப் புத்தகம், கிராமபோன் தட்டு. மேடையில் கேட்டவர் புத்தகத்தை வாங்கினார். புத்தகம் வாங்கியவர் அடுத்த ஊர் நாடகத்தில் அதே பாட்டைக் கேட்டு 'ஒன்ஸ்மோர்' கத்தினார். பாட்டைச் செய்தவர்களே அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு இது. இதற்கு 'சுயாதீன இசை' என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு என்ன ஆனது? 1931 அக்டோபரில் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படத்துக்குப் பாட்டு எழுதியவர் அதே பாஸ்கரதாஸ். காளிதாசன் கதைக்குள் காந்தியையும் ராட்டையையும் பற்றிய பாட்டு வந்தது. மேடையில் கதைக்குச் சம்பந்தமில்லாமல் பாட்டை நுழைத்த பழக்கம் அப்படியே சினிமாவுக்குப் போனது. நம் சினிமாவில் பாட்டு இருப்பதே நாடகம் கொடுத்த சீதனம். ஆனால் சீதனத்தோடு பெண்ணும் போய்விட்டாள். நடிகர், பாடகர், பாட்டெழுதுபவர், ஆர்மோனியக்காரர் எல்லோரும் சினிமாவுக்குப் போனார்கள். இருபது, முப்பது வருஷத்தில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்றானது.

அதற்குப் பிறகும் ஒரு கிளை காயாமல் இருந்தது. பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் தன் தம்பிகளோடு ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டங்களுக்காக ஊர் ஊராகப் பாடினார். அண்ணன் தம்பிகள் சேர்ந்த குழு, தாங்களே கட்டிய பாட்டு, வேன் இல்லாத டூர். பேண்ட் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழில் எது? அந்தத் தம்பிகளில் ஒருவர் சென்னைக்குப் போய் 1976இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்தார். இளையராஜாவின் கதை நமக்குப் பெருமைதான். ஆனால் தெற்கத்தி இசைக்கலைஞன் ஒவ்வொருவனுக்கும் அந்தக் கதை ஒரே ஒரு ரூட்டைத்தான் காட்டியது: பஸ் ஏறு, சென்னைக்குப் போ, சினிமாவில் சேர்.

இதற்கு நடுவில் கேசட் வந்தது. தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டை மாதிரி ஊர்களில் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. வெற்றுக் கேசட்டையும் பாட்டு லிஸ்ட்டையும் கொடுத்தால் மறுநாள் சாயங்காலம் பதிந்து கொடுப்பார்கள். பேசும்பட காலத்துக்குப் பிறகு ஒருவன் தன் பாட்டைக் கம்பெனி தயவில்லாமல் பெருக்கி விற்கலாம் என்ற நிலைமை முதன்முதலாக வந்தது அப்போதுதான். அதைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் யார்? சாமி பாட்டுக்காரர்கள், கட்சிப் பாட்டுக்காரர்கள், பிறகு சாதிப் பாட்டுக்காரர்கள்.

கொஞ்சம் கசப்பான பகுதி இது. இன்றைக்கும் எங்கள் மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டங்களிலும் சினிமாவுக்கு வெளியே மிகச் சுறுசுறுப்பாகப் பாட்டுச் செய்பவர்கள் சாதிப் பெருமைப் பாட்டுக்காரர்கள்தான். அவர்களே எழுதுகிறார்கள், உள்ளூர் ஸ்டுடியோவில் பதிகிறார்கள், உள்ளூர்ப் பையன்களை வைத்து வீடியோ எடுக்கிறார்கள், யூடியூபில் ஏற்றுகிறார்கள். குருபூஜை வந்தால் வேனில், பைக்கில், கல்யாண மண்டப ஸ்பீக்கரில் அதுதான் ஓடும். கம்பெனி கிடையாது, இடைத்தரகர் கிடையாது, சினிமா கிடையாது. ஸ்பைரல் ஸ்க்ராட்ச் உறை சொன்னதை வரி பிசகாமல் செய்துகாட்டியவர்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். கேட்கத்தான் பயமாக இருக்கிறது. அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு வருகிற பையன் பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரனை எப்படிப் பார்ப்பான் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அதனால் 'தானே தயாரித்து, தானே பரப்புவது' என்பதை மட்டும் வைத்து ஒரு இசையைச் சுதந்திரமானது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களுக்குக் கூட்டம் ஏற்கெனவே கூடி நிற்கிறது. பாட்டு போய் அதன் தோளில் ஏறிக்கொள்கிறது. விஸ்வநாததாஸுக்கும் காங்கிரஸ் என்ற கூட்டம் இருந்தது, பாவலருக்குக் கட்சி இருந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் கூட்டங்களில் யாரும் வந்து சேரலாம். சாதிப் பாட்டின் கூட்டத்தில் பிறந்தால்தான் இடம்.

அப்படியானால் ஏற்கெனவே கூடியிருக்கும் கூட்டம் எதையும் நம்பாமல் தன் கூட்டத்தைத் தானே சேர்ப்பது முடியுமா? முடியும், ஆனால் நாளாகும். இந்தியன் ஓஷன் 1990இல் தில்லியில் தொடங்கியது. 1993இல் ஒரு பெரிய கம்பெனி முதல் ஆல்பத்தை வெளியிட்டது. ஆனாலும் 'காண்டிசா' ஆல்பம் அவர்களைப் பரவலாகக் கொண்டுசேர்த்தது 2000இல்தான். நர்மதைப் பள்ளத்தாக்கு மக்களின் பாட்டுகூட அதில் இருக்கிறது. பேஸ் வாசிக்கும் ராகுல் ராம் அந்த அணை எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்தவர். தபலா வாசித்துப் பாடிய அசீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பர் 25 அன்று இறந்தார். மறு வருஷம், அவர் பாடிப் பதிந்திருந்த ஆல்பத்தை மாதத்துக்கு ஒரு பாட்டாகத் தங்கள் இணையதளத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். ஒத்திகை பார்த்த பழைய வீட்டின் முகவரிதான் ஆல்பத்தின் பெயர்: '16/330 கஜூர் ரோடு'.

செங்கோட்டை தாண்டினால் இன்னொரு உதாரணம். 2003இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய அவியல், நாட்டுப்பாடல் வாசனையுள்ள மலையாள வரிகளை மாற்று ராக் இசையில் பாடியது. 2008இல் ஆல்பம் வந்தது. 2011இல் 'சால்ட் அண்ட் பெப்பர்' படம் அவர்கள் பாட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டது. பேண்டைத் தேடிச் சினிமா வந்த அபூர்வமான சம்பவம். ராக் பாட வேண்டுமானால் இங்கிலீஷில்தான் பாட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த தென்னிந்தியப் பையன்கள் பலருக்கு அந்த ஆல்பம் கண் திறந்தது.

தமிழில் சாதிப் பாட்டுக்கு நேரெதிர்ப் பதிலாக வந்தது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம் பள்ளி மைதானம். டென்மாவின் இசை வழிநடத்தலில், பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் முன்னெடுத்த 19 பேர் குழு. கானா பாடகர்கள், ராப்பர்கள், டிரம்ஸ், எலக்ட்ரிக் கிட்டார், பறை, சட்டி, எல்லாம் ஒரே மேடையில். பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லாட்சியிலிருந்து வந்தது. இடஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் எலக்ட்ரிக் கிட்டாரோடு பாடினார்கள். சாவு வீட்டில் மட்டும் கேட்கக் கூடியது என்று ஒதுக்கப்பட்ட கானாவுக்கு மைதானம் நிறையக் கூட்டம் வந்தது. பிறப்பைக் கேட்காத கூட்டம் ஒன்றைப் பாட்டால் கட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் கூட்டம் சேர்ந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: பாட்டு யாருடையது? அந்தக் குழுவில் பாடிய அறிவு, பாடகி தீ, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் சேர்ந்து 2021 மார்ச்சில் கொண்டுவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' கோடிக்கணக்கான தடவை பார்க்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த ஒரு பாட்டியின் நினைவிலிருந்து பிறந்த பாட்டு. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்கள் மூவருக்கும் ஒரு பைசா வரவில்லை என்று பொதுவில் சொன்னார். சினிமாவுக்கு வெளியே வந்தாலே சுதந்திரம் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கதைகளில் சென்னை இருக்கிறது, தில்லி இருக்கிறது, திருவனந்தபுரம் இருக்கிறது. திருச்சுழி இல்லை. தறிச்சத்தத்தையே தாளமாகக் கேட்டு வளர்ந்த ஒருவன், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற ஒருவரின் மகள், விடிகாலை மல்லிகைப்பூ கட்டி மார்க்கெட்டுக்குக் கொடுத்துவிட்டு காலேஜ் போகிறவள், இவர்கள் வாழ்க்கையைப் பற்றி எலக்ட்ரிக் கிட்டாரோடு ஒரு பாட்டு இதுவரை என் காதுக்கு வரவில்லை. கரிசல் இலக்கியத்துக்கு கி.ரா. கிடைத்தார், பூமணி கிடைத்தார். கரிசலின் பேச்சு புத்தகத்தில் ஏறியது. இசையில் மட்டும் எங்கள் ஊர் சினிமாவின் அரிவாள் பின்னணியாக நிற்கிறது.

பதிவுசெய்ய இன்றைக்கு 500 பவுண்டு கடன் வேண்டாம். ஒரு லேப்டாப், ஒரு சவுண்ட் கார்டு, காற்றாடியை நிறுத்திய ஒரு ரூம் போதும். பாட்டை உலகம் முழுக்க ஒரே நாளில் ஏற்றவும் முடியும். ஆனால் உலகம் முழுக்க ஏற்றிய பாட்டை நரிக்குடியில் பத்துப் பேர் கேட்பார்கள் என்று எந்த நிச்சயமும் கிடையாது. கேட்க வைக்கும் வேலையை அல்காரிதத்திடம் விட்டுவிட்டால், அது ஏற்கெனவே கூடியிருக்கும் கூட்டத்தைத்தான் இன்னும் பெரிதாக்கும்.

அந்த பேஸ் அண்ணனிடம் நான் அடுத்த தடவை கேட்க நினைத்திருப்பது சின்ன விஷயம்தான். இருபது சினிமாப் பாட்டுக்கு நடுவில் ஒரே ஒரு சொந்தப் பாட்டு. முதல் பாட்டும் வேண்டாம், கடைசிப் பாட்டும் வேண்டாம், கூட்டம் எந்திரிக்காத நேரமாகப் பார்த்து நடுவில் ஒன்று. விஸ்வநாததாஸும் வள்ளி திருமணத்தை நிறுத்திவிட்டுத் தன் பாட்டைப் பாடவில்லை, நடுவில்தான் நுழைத்தார். ஊர் வரிப்பணம் கொடுத்துக் கேட்க வந்த கூட்டம் அது, பள்ளத்தெருவிலிருந்தும் மேலத்தெருவிலிருந்தும் வந்து ஒரே பொட்டலில் உட்கார்ந்திருக்கிற கூட்டம். அவர்கள் முன்னால் ஒரு சீசனுக்கு ஒரு பாட்டு நின்றால் போதும். அடுத்த சீசனில் யாராவது ஒருத்தர் சீட்டு எழுதி மேடைக்குக் கொடுத்துவிடுவார்: 'போன வருஷம் பாடுன அந்தப் பாட்டு.'