உப்புச் சாலைகளும் குளிர்காலக் கார் கழுவலும்
அமெரிக்காவின் பனி மாநிலங்களில் குளிர்காலத்தில் கார் கழுவுவது அழகுக்காக மட்டுமன்று, துருவைத் தடுக்கவும்தான். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1938-இல் சாலைப் பனியை உருக்க உப்பைப் பயன்படுத்திப் பார்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெடுஞ்சாலைகள் பெருக, இம்முறை எங்கும் பரவியது. கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டின் அடியிலேயே சாலை உப்பு வெட்டும் சுரங்கம் உள்ளது.

உப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்துகிறது. செறிந்த கரைசல் மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. அதுவே காரின் அடிப்பகுதியில் தங்கி இரும்பை அரிக்கிறது. ஆனால் அதைக் கழுவ அப்பருவத்தில் ரப்பர் குழாய் பயன்படாது. உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து குழாய்களை வெடிக்கச் செய்வதால், வீட்டின் வெளிக்குழாயை முன்பே மூடி நீரை வடித்துவிடுவர்.

எனவே வீடுகளில் வாளியே கருவியாயிற்று. வெயிலடிக்கும் பகலில், ஒரு வாளியில் வெதுவெதுப்பான சோப்பு நீரும் மற்றொன்றில் அலசும் நீரும் வைத்து, மேலிருந்து கீழாகப் பகுதி பகுதியாகக் கழுவித் துடைப்பர். கதவோர ரப்பரில் ஈரம் நின்றால் கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளும். வாளி எட்டாத அடிப்பகுதிக்குக் கார் கழுவும் நிலையங்களே வழி.

1970களின் நடுவில் போர்ஷேயும் 1980களில் ஆடியும் துத்தநாகம் பூசிய எஃகு உடல்களைக் கொண்டுவந்தன. பிற நிறுவனங்களும் இவ்வழிக்கு வர, துருவின் வேகம் குறைந்தது. உப்பைக் கழுவும் தேவை நீங்கவில்லை.